நாற்பது ஏக்கர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடிமைமுறை காரணமாக வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரை 1865-இல் போர் முடிந்ததோடு நின்றுவிட்டது. மறுகட்டமைப்பு என்று சொல்லப்படும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. கையில் கிடைத்த ஒரு பழைய வரலாற்று நூல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட, எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பின மக்களுக்கு அவசரப்பட்டு ஓட்டுரிமை கொடுத்ததால் ஊழல் பெருகி எல்லாம் சரிந்தது என்கிறது. முதலில் கல்வி, அப்புறம் அரசியல் என்று படிப்படியாகப் போயிருந்தால் மறுகட்டமைப்பு வெற்றி பெற்றிருக்கும் அல்லவா? விடுதலை பெற்றவர்களுக்கு நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் தருவதாக அரசு சொன்னது உண்மையா? லிங்கன் உயிரோடு இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது ஏக்கர் கதையைச் சொன்னாலே முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

ஜார்ஜியாவின் துறைமுக நகரமான சவன்னாவை வடக்கின் ஜெனரல் ஷெர்மனின் படை பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பண்ணைகளை விட்டுக் கிளம்பிய ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் படையின் பின்னாலேயே வந்துவிட்டார்கள். இவர்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. போர்த்துறைச் செயலர் ஸ்டேன்டன் வாஷிங்டனிலிருந்து வந்து, அந்தக் காலத்துக்குப் புதிதான ஒரு காரியம் செய்தார். சம்பந்தப்பட்டவர்களையே கூப்பிட்டுக் கேட்டார். 1865 ஜனவரி 12 அன்று இருபது கறுப்பினப் போதகர்களும் திருச்சபைப் பொறுப்பாளர்களும் வந்து அமர்ந்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயதான காரிசன் ஃப்ரேசியர். தனக்கும் மனைவிக்குமாக ஆயிரம் டாலரைத் தங்கமும் வெள்ளியுமாகக் கொடுத்து, எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் விடுதலையை விலைக்கு வாங்கியிருந்தார்.

அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒருவனுடைய உழைப்பை அவன் சம்மதமில்லாமல், எதிர்க்க முடியாத பலத்தால் பிடுங்கிக்கொள்வது என்றார். உங்களை நீங்களே எப்படிக் காப்பாற்றிக்கொள்வீர்கள் என்றதற்கு, நிலம் கொடுங்கள், எங்கள் உழைப்பில் உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார். வெள்ளையர்களோடு கலந்து வாழ்வீர்களா, தனியாகவா என்ற கேள்விக்கு, தனியாகத்தான், தெற்கில் எங்கள் மேல் உள்ள வெறுப்பு தீர வெகுகாலம் ஆகும் என்றார். (ஒரு கட்டத்தில் ஸ்டேன்டன் ஷெர்மனையே அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, இவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார். ஷெர்மனுக்கு அது பின்னாளிலும் ஆறவில்லை.) இந்தப் பதில்களில் அரசியல் பக்குவம் எங்கே குறைகிறது?

நான்கே நாளில் ஷெர்மனின் உத்தரவு வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும், முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய கடலோர நெல்வயல்களும் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கப்படும் என்றது. கோவேறு கழுதை உத்தரவில் கிடையாது. படையிடம் உபரியாக இருந்தவற்றைப் பிறகு கொடுத்தார்கள், மக்கள் பேச்சில் இரண்டும் சேர்ந்துகொண்டன. அந்தக் கோடைக்குள் சுமார் நாற்பதாயிரம் பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறி உழவு தொடங்கிவிட்டார்கள்.

அதற்குள் லிங்கன் கொல்லப்பட்டு ஆண்ட்ரூ ஜான்சன் அதிபராகியிருந்தார். டென்னசியில் ஏழைத் தையல்காரராக இருந்தவர். பெரும் பண்ணையாளர்களைத் திட்டித் திட்டியே அரசியலில் வளர்ந்தவர். பதவிக்கு வந்ததும் அவர்களுக்கு மன்னிப்பை வாரி வழங்கினார். மன்னிப்போடு நிலமும் திரும்பிப் போனது. இந்தச் செய்தியைச் சொல்ல 1865 அக்டோபரில், அப்படி நிலம் பிரிக்கப்பட்ட தீவுகளில் ஒன்றான எடிஸ்டோவுக்கு அனுப்பப்பட்டவர் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட். விடுதலை பெற்றவர்களின் நலனுக்காக அமைக்கப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் தலைவர் அவர்தான். போரில் வலது கையை இழந்தவர், நல்ல மனிதரும்கூட. தேவாலயத்தில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து, பழைய முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

தீவு மக்களின் குழு அவருக்கு எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. எழுத்துப் பிழைகள் நிறைந்த கடிதம். நீங்கள் போரில் கையை மட்டும் இழந்தீர்கள், நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் ஆடை உரித்து அடித்தவனை, அவன் சொன்ன கூலிக்கு அவன் வயலில் உழைத்தால்தான் காலிக் குடிசையில்கூட இருக்கவிடுவேன் என்பவனை என்னால் மன்னிக்க முடியாது என்கிறது அது. சொந்த நிலம் இருந்தால் நான் அவனை அண்ட மாட்டேன் என்று தெரிந்துதான் எனக்கு நிலம் கிடைக்காமல் தடுக்கிறான் என்றும் சொல்கிறது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கான தெற்கின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. நிலம் போனவர்கள் அதே முதலாளியிடம் விளைச்சலில் பங்கு என்ற வார முறையில் உழுதார்கள். விளையப்போகும் பருத்தியை அடமானம் வைத்துக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினார்கள். பலருக்கு ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மிஞ்சியது கடன்தான்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். படிப்படியாகப் போயிருக்கலாமே என்கிறீர்கள். அதுவும் நடந்தது. 1865 முதல் 1867 வரை கறுப்பினத்தவருக்குத் தெற்கில் ஓட்டு கிடையாது. மாநில ஆட்சிகளைத் தெற்கத்திய வெள்ளையர் கையிலேயே ஜான்சன் விட்டிருந்தார். அவர்கள் முதலில் செய்தது கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டங்கள் போட்டதுதான். மிசிசிப்பியில் கறுப்பினத்தவர் ஒவ்வொரு ஜனவரியும் வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று அபராதம். கட்ட முடியாதவரின் அபராதத்தைக் கட்டும் முதலாளியிடம் அவர் வேலை செய்து கழிக்க வேண்டும். நகர எல்லைக்கு வெளியே அவர்கள் நிலத்தைக் குத்தகைக்குக்கூட எடுக்க முடியாது. கல்வியா? 1866 மே மாதம் மெம்பிஸில் நடந்த கலவரத்தில் 46 கறுப்பினத்தவரைக் கொன்றார்கள், பன்னிரண்டு பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1867-இல் தெற்கை ராணுவ மேற்பார்வையில் கொண்டுவந்து ஓட்டுரிமை கொடுத்தது.

கிடைத்த ஓட்டை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தெற்கு கரோலினாவில் 1868-இல் புதிய அரசியல் சாசனம் எழுத 124 பிரதிநிதிகள் கூடினார்கள். 76 பேர் கறுப்பினத்தவர். எல்லாருக்கும் இலவசப் பொதுக்கல்வி என்று எழுதினார்கள். பதவி வகிக்கச் சொத்து வேண்டும் என்ற விதியை எடுத்தார்கள். அந்த மாநிலத்தில் அதுவரை அதிபர் தேர்தலில் வெள்ளைக்கார ஏழைக்கும் ஓட்டு இருந்ததில்லை, சட்டமன்றமே முடிவு செய்துவிடும். 1868-இல்தான் முதன்முறையாக மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஊழல் இருந்ததா? இருந்தது. தெற்கு கரோலினாவில் குதிரைப் பந்தயத்தில் தோற்ற சபாநாயகருக்குச் சட்டமன்றமே ஆயிரம் டாலர் அன்பளிப்பு கொடுத்த கூத்தும் நடந்தது. அந்தச் சபாநாயகர், பிறகு ஆளுநராகவும் ஆன ஃப்ராங்க்ளின் மோசஸ், வெள்ளையர். அதே ஆண்டுகளில் நியூயார்க்கை அரசியல்வாதி ட்வீடின் கும்பல் இதைவிடப் பெரிதாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி வெள்ளையர் எல்லாருடைய ஓட்டையும் பறித்துவிடவில்லை. இன்னொன்று. தெற்கு கரோலினா அரசு நிலத்தை வாங்கி ஏழைகளுக்குத் தவணையில் விற்க ஒரு நில ஆணையம் வைத்தது. அதிலும் பணம் கையாடப்பட்டது. ஆனாலும் 1876-க்குள் சுமார் 14,000 கறுப்பினக் குடும்பங்கள் அதன் மூலம் நிலத்தில் குடியேறின. உங்கள் பழைய நூலில் முதல் பாதி மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்சி தானாகச் சரியவில்லை, கவிழ்த்தார்கள். லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் 1873 ஈஸ்டர் ஞாயிறன்று, நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் தாக்கியது. பலரைச் சரணடைந்த பிறகு கொன்றார்கள். இறந்தவர்கள் அறுபதிலிருந்து நூற்றைம்பது வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. குற்றம் சாட்டப்பட்ட 97 பேரில் தண்டனை பெற்றது மூன்றே பேர். அதையும் 1876-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு தரும் அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களை அல்ல என்பது அதன் வாதம். அந்தத் தீர்ப்போடு மத்திய அரசின் கை ஏறக்குறையக் கட்டப்பட்டுவிட்டது. சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி மகாத்மா பூலே தன் 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டதும் இதே 1873-இல்தான். புணேவில் இருந்தவருக்குக் கோல்ஃபாக்ஸ் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

1877 பேரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. சர்ச்சைக்குரிய தேர்தலில் ஹேய்ஸ் ஒரே ஒரு தேர்வாளர் வாக்கில், 185-க்கு 184 என்று அதிபரானார். பேரத்தின்படி லூசியானா, தெற்கு கரோலினா ஆட்சி மன்றங்களைக் காத்து நின்ற படை முகாமுக்குத் திரும்பியது. ஓட்டைப் பறிப்பது அதற்குப் பிறகும் இருபது ஆண்டு வேலையாக இருந்தது. லூசியானாவில் 1896-இல் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342.

கடைசிக் கேள்வி, லிங்கன். 1865 ஏப்ரல் 11 அன்று தன் கடைசி உரையில், மிகுந்த அறிவுள்ள கறுப்பினத்தவருக்கும், படையில் சேர்ந்து போரிட்டவர்களுக்கும் ஓட்டு கொடுத்தால் நல்லது என்று சொன்னார். நீங்கள் சொல்கிற படிப்படியான வழிதான் அது. கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜான் வில்க்ஸ் பூத்துக்கு அந்த முதல் படியே பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் சுட்டுவிட்டான். லிங்கன் இருந்திருந்தால் ஜான்சனைப் போல எடிஸ்டோ நிலத்தை அவ்வளவு அவசரமாகத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ஆனால் ஷெர்மனின் உத்தரவு கொடுத்தது தற்காலிக உரிமைதான், பட்டா அல்ல. அதைப் பட்டாவாக்கக் காங்கிரஸ் சட்டம் போட வேண்டியிருந்தது. பண்ணைகளைப் பறிமுதல் செய்து பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1867-இல் காங்கிரஸில் கேட்டபோது, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களிலேயே பெரும்பாலோர் அவர் பக்கம் நிற்கவில்லை.