மீசா பூகி மார்க் 5: டோன் குமிழ்கள் இருக்க, ஈக்வலைசர் எதற்கு?

மீசா பூகி மார்க் 5 கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு சேனலிலும் (தனித்தனியே அமைக்கக்கூடிய ஒலிப் பாதை) பேஸ் (தாழ்ஒலி), மிட் (நடுஒலி), டிரெபிள் (உச்சஒலி) குமிழ்கள் தனித்தனியே இருக்கையில், ஐந்து அதிர்வெண் பட்டைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

2009இல் வெளிவந்த இந்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் மூன்று சேனல்களும், சேனலுக்கு மூன்று வீதம் ஒன்பது ஒலிமுறைகளும் உள்ளன.

உங்கள் கேள்விக்கான விடை மூன்றாம் சேனலில் இருக்கிறது. அங்கே டோன் சுற்று (அந்த மூன்று குமிழ்களின் மின்சுற்று), ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் வால்வு நிலைகளுக்கு முன்னால் அமைந்திருப்பதால், பேஸைக் கூட்டினால் தாழ்ஒலி மிகையாகச் சிதைந்து, அடுத்தடுத்த ஸ்வரங்கள் பிரித்தறிய முடியாதபடி குழைந்த சோறாகிவிடும். ஆகவே பேஸ் குமிழை மிகவும் குறைத்து வைத்து, சிதைவுக்குப் பின்னால் வரும் ஈக்வலைசரில் தாழ்ஒலிக்கான 80 ஹெர்ட்ஸ் நெம்பை (மேலும் கீழும் நகர்த்தும் கட்டுப்பாடு) உயர்த்தி இழந்த கனத்தை மீட்பதே சரியான வழி. நடுஒலிக்கான 750 ஹெர்ட்ஸ் நெம்பை இறக்கினால் மெட்டல் இசையின் ரிதம் வாசிப்புக்கு உரிய ஒலி கிடைக்கும். ஆனால் அளவுக்கு மீறி இறக்கினால், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேரும்போது உங்கள் வாசிப்பே கேட்காது. தனி வாசிப்பு வருகையில் ஈக்வலைசரைக் கால் சுவிட்சாலேயே அணைத்துவிடலாம்.