சிவப்புக் கிண்ணத்தில் எத்தனை பவுண்?

கேள்வி: பாட்டி காலத்துச் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வீட்டில் இருக்கிறது. தங்கம் சேர்த்துச் செய்தது என்கிறார்கள். உருக்கினால் தங்கம் கிடைக்குமா? மஞ்சள் தங்கம் எப்படிச் சிவக்கும்?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் அடுப்பை அணையுங்கள். செம்பு, செலீனியம் கொண்டும் சிவப்புக் கண்ணாடி செய்வார்கள். உங்களுடையது தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். லண்டன் பிரித்தானிய நூதனசாலையில் 4ஆம் நூற்றாண்டு உரோமானியரின் லைகர்கஸ் கிண்ணம் இருக்கிறது. வெளியே ஒளி பட்டால் பச்சை. உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பு. அதில் தங்கம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 40 பங்குதான். அந்தக் கணக்கில் ஒரு பவுண், அதாவது 8 கிராம் எடுக்க 200 கிலோ கண்ணாடி வேண்டும். செட்டியார் தெருவுக்கு லொறி பிடித்துத்தான் போகவேண்டும்.

இரசாயனம் கற்பித்த 31 ஆண்டுகளில் என் மாணவர்கள் இலேசில் நம்பாத விடயம், தங்கத்தின் நிறம் அதன் துணிக்கையின் பருமனைப் பொறுத்தது என்பது. சில பத்து நனோமீற்றர் அளவுத் துணிக்கைகளில் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடிப் பச்சையை விழுங்கிவிடும். சிவப்பு தப்பி வரும். வெள்ளித் துணிக்கை ஊதாவையும் நீலத்தையும் விழுங்கும். பழைய தேவாலய யன்னல்களின் மஞ்சள் அப்படி வந்ததுதான்.

செய்முறைதான் அழகு. பத்தர்கள் அறிந்த இராஜதிராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் தங்கத்தைக் கரைத்துக் கண்ணாடிக் கலவையில் சேர்ப்பார்கள். உருக்கிச் சட்டென்று ஆறவைத்தால் நிறமே இராது. மறுபடி சூடேற்றும்போது அணுக்கள் கூடித் துணிக்கையாகும். கண்ணெதிரே கண்ணாடி சிவக்கும். பிந்தினால் கலங்கிப் பழுப்பாகிவிடும். தொதல் கிண்டியவர்களுக்கு இந்தப் பதம் விளங்கும்.

இன்றைய ஆய்வுகூடங்களில் வேறு வழியும் உண்டு. வெள்ளி நைத்திரேற்று கலந்த உருகிய உப்பில், 300 முதல் 400 பாகை செல்சியஸில், யன்னல் கண்ணாடியை அமிழ்த்தினால் சோடியம் அயன் வெளியேற வெள்ளி அயன் புகும். பிறகு சூடாக்கியோ லேசர் பாய்ச்சியோ துணிக்கையாக்குவார்கள். உருண்டைத் துணிக்கையை நீள்வட்டமாக்கிவிட்டால், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும் முனைவாக்கி கிடைக்கும்.

கேள்வி: வெயிலில் கறுக்கும் என் மூக்குக்கண்ணாடியிலும் வெள்ளியா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: வில்லை உண்மைக் கண்ணாடியென்றால் ஆம். உள்ளே வெள்ளிக் குளோரைட்டு போன்ற சேர்வைகளின் நுண்பளிங்குகள் இருக்கும். வெயிலில் வெள்ளி பிரிந்து கறுக்கும்; நிழலில் மீண்டும் சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் வில்லையென்றால் வெறும் சேதனச் சாயம். அடகு வைக்க ஒன்றுமில்லை.