முகத்துவாரம் சுருங்குவதை ஓதம் காட்டுமா?

கேள்வி: பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணல் மேடிட்டுச் சுருங்கி வருவதாக மீனவர்கள் கூறுகின்றனர். ஆழ அளவீடு எடுக்காமல், ஓதப் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கப்) பதிவுகளைக் கொண்டே இதனைக் கண்டறிய இயலுமா?
– திருவள்ளூர் மாவட்ட வாசகர்

பதில்: இயலும். ஆனால், ஏரிக்குள் நட்ட அளவுகோல் மட்டும் போதாது. வங்கக்கடலின் மட்டமே மார்ச்சைவிட நவம்பரில் உயர்ந்து நிற்பதாலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெருகி இடைநாள்களில் குறைவதாலும், உள்ளே எடுத்த அளவைக் கடற்பக்க அளவோடு ஒப்பிட்டே பேச வேண்டும். சென்னைத் துறைமுகத்து ஓதமானியின் பதிவு இதற்கு உதவும்.

இங்கு ஓதம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உயர்கிறது. வாய் குறுகினால் அந்த இடைவெளிக்குள் போதிய நீர் ஏரிக்குள் புகாது. ஆகவே ஏரியின் ஏற்ற இறக்கம் குறைவதோடு, அங்கு உயர் ஓதம் வரும் நேரமும் பிந்தும். கடலில் 6 மணிக்கு உச்சம் தொட்ட நீர் ஏரிக்குள் 7 மணிக்கு உச்சம் தொட்டதாகக் கொள்வோம். அடுத்த ஆண்டு அதே மாதப் பௌர்ணமியில் அது 8 மணியானால், வாய் அடைபடுகிறது என்று ஐயுறலாம். நான் உயரத்தைவிட இந்தத் தாமதத்தையே பெரிதும் நம்புவேன். வாயில் மணல்மேடு உயர்ந்துவிட்டால் இன்னோர் அடையாளமும் தெரியும்: வற்றத்தின்போது நீர் மேட்டின் உச்சிக்குக் கீழே வடிய முடியாமல் தேங்குவதால், ஏரி நீர்மட்டத்தை நேரவாரியாக வரைந்த கோட்டின் மேல்முனை கூராகவும் அடிப்பகுதி தட்டையாகவும் இருக்கும்.

இதற்கு நேர்மாறானது ஒடிசாவின் சிலிகா ஏரி. அங்கு 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டியதால் ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான வழி சுமார் 18 கி.மீ. குறைந்து, ஓதமும் உப்புநீரும் முன்னைவிட எளிதாக உட்புகுந்தன.

வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளம் ஓதத்தின் தடத்தையே மறைத்துவிடும். எனவே மழையற்ற மாதங்களில், ஓதம் பெருகிக் குறையும் ஒரு சுற்று முழுமையாக அடங்குமாறு குறைந்தது 15 நாள்கள், இரவு உட்பட மணிக்கொருமுறை குறித்துக்கொள்ளுங்கள். கோல் சேற்றில் சிறிது புதைந்தாலும் தாமதக் கணக்கு கெடாது. சராசரி மட்டத்தையும் ஆராய விரும்பினால் மட்டும், கோலின் சுழிக்குறியை (பூஜ்யக் குறியை) அசையாத பாலத்தூண் ஒன்றோடு மட்டம் பிடித்து இணைத்துவிடுங்கள்.