வண்டுக்கு எத்தனையாவது இடம்?

கேள்வி: ஐயா, உங்களுக்குப் பிடித்த பாப், ராக் இசைக் கலைஞர்கள் பத்துப் பேரை வரிசைப்படுத்துங்களேன். பீட்டில்ஸுக்கு எத்தனையாவது இடம்? வழக்கம்போல மழுப்பக் கூடாது!
– வாசகர் ஒருவர், உட்லண்ட்ஸ்

பதில்: பத்துப் பேர் கொஞ்சம் காத்திருக்கட்டும். எனக்கு அந்த 'வரிசை' என்ற சொல்தான் கையில் ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்தில் தாய்மாமன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைப்பது சீர்வரிசை. பாட்டுப் படிக்கப் போனால் முதலில் உட்காரவைத்துச் சொல்லித்தருவது சரளி வரிசை. சிங்கப்பூருக்கு வந்ததும் இந்தப் பொருளெல்லாம் உதிர்ந்துபோய், வரிசை என்றால் க்யூ என்று மட்டும் ஆகிவிட்டது. நம் ஊரில் ஒரு க்யூவைப் பார்த்தால் முதலில் அதில் நின்றுவிட்டு, அப்புறம்தான் முன்னால் இருப்பவரிடம் "இது எதுக்கு?" என்று கேட்போம். நானும் அப்படித்தான்.

2023 ஜூலையில் ஒருநாள், தஞ்சாவூர்ச் சந்தாதாரர் ஒருவருக்கு இதழை அனுப்பத் தபால் நிலையத்துக்குப் போனேன். கூட்டம் வாசலைத் தாண்டி வால் நீட்டியிருந்தது. இந்தக் காலத்திலும் இத்தனை பேர் கடிதம் போடுகிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்து நானும் போய் நின்றேன். எனக்கு முன்னால் பாய் விரித்து, மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண் என் கையிலிருந்த உறையையும் என் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அங்கிள், நீங்களும் டெய்லர் ஸ்விஃப்ட்டா?" என்றாள். முதல் நாள் ராத்திரியே வந்துவிட்டாளாம். அடுத்த மார்ச்சில் தேசிய விளையாட்டரங்கில் அந்த அமெரிக்கப் பாடகிக்கு ஆறு நாள் கச்சேரி, அதற்கு டிக்கெட் இங்கே விற்கிறார்களாம். என் இதழ் அன்றைக்குத் தஞ்சாவூருக்குக் கிளம்பவில்லை. அவளுக்கு டிக்கெட் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். பிடித்த பாட்டுக்காரருக்கு ஒருவர் எடுக்கக்கூடிய சீர்வரிசை அதுதானே, பாயோடு வந்து நிற்பது! நீங்கள் என்னடாவென்றால் பாட்டுக்காரர்களை நிற்கச் சொல்கிறீர்கள். நிற்க வேண்டியது நாம் ஐயா.

சரி, அவர்களையே நிற்கவைத்துப் பார்ப்போம். டோக்கன் கொடுப்பது யார்? ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்கு இதுதான் பிழைப்பு. 2003ல் அவர்கள் போட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இங்கிலாந்துக் குழுவான பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' முதலிடம். 2020ல் அதே பத்திரிகை, அதே ஆல்பம், 24ஆம் இடம். 1967ல் வெளியான பாட்டு ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து போய்ப் பின்னால் நின்றுகொண்டதா என்ன? 2023 தொடக்கத்தில் வந்தது 200 சிறந்த பாடகர்கள் பட்டியல். லதா மங்கேஷ்கருக்கு 84, நுஸ்ரத் ஃபதே அலி கானுக்கு 91. செலின் டியானுக்கு இடமே இல்லை. அவருடைய ரசிகர்கள் நியூயார்க்கில் அந்த அலுவலக வாசலில் பதாகையோடு போய் நின்றார்கள். நான் சுசீலாவையும் ஜானகியையும் கடைசிப் பெயர் வரை விரல் வைத்துத் தேடினேன். இல்லை. நாம் பதாகை தூக்கவில்லை. ஃபேஸ்புக்கில் கோபப்பட்டுவிட்டுத் தூங்கப் போனோம்.

பீட்டில்ஸுக்கு வருகிறேன். அவர்களை நான் ஒருமுறை 'வண்டுகள்' என்று எழுதப்போக, பேராசிரியர் ஒருவர் இதே பக்கத்தில் மூன்று இதழ்களுக்கு என்னோடு மல்லுக்கு நின்றார். ஆங்கிலத்தில் வண்டுக்கும் 'பீட்டில்' என்றுதான் பெயர், ஆனால் அதற்கு எழுத்து வேறு, இவர்கள் தாளத்தைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல்லை உள்ளே ஒளித்து எழுதியிருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வண்டை விடமாட்டேன். எனக்குத் தெரிந்து தமிழில் மிகப் பழைய தரவரிசைக் கேள்வி ஒரு வண்டிடம் கேட்டதுதான். குறுந்தொகையில் இரண்டாவது பாட்டு. 'தும்பியே, நீ எத்தனையோ பூக்களைப் பார்த்தவன். எனக்குப் பிடிக்க வேண்டும் என்று பேசாமல் கண்டதைச் சொல், இவள் கூந்தலைவிட மணக்கிற பூ ஏதாவது உண்டா?' என்கிறான் காதலன். உங்கள் 'மழுப்பக் கூடாது' அப்போதே வந்துவிட்டது பாருங்கள். வண்டு பதில் சொன்னதாகப் பாட்டில் இல்லை. விவரமான வண்டு. பதிலே இல்லாத அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று நக்கீரர் சிவபெருமானிடமே சண்டைக்குப் போனதாகக் கதை. வண்டு மட்டும் வாயைத் திறந்திருந்தால் மதுரை என்ன ஆகியிருக்குமோ!

தலைமுடி விஷயத்தில் நக்கீரரைவிடக் கறாரானவர்கள் 1970களில் இங்கே இருந்தார்கள். 'நீள முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள்' என்று அரசாங்க அலுவலகங்களில் ஆங்கிலத்தில் சுவரொட்டி. எது நீள முடி என்று படம் போட்டு விளக்கமும் உண்டு. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் தீர்ந்தது. 1972ல் லெட் ஸெப்பெலின் என்ற இங்கிலாந்து ராக் குழுவை முடிக்காகவே நாட்டுக்குள் விடவில்லை. கிட்டாரை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, காலரைத்தான் பார்த்தார்கள்.

எனக்கும் அப்போது காதை மூடிய முடி. ஓர் அலுவலகத்தில் ஃபாரம் வாங்க விடிகாலையிலேயே போய் முதல் ஆளாக நின்றேன். முகப்பில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் சுவரொட்டியைப் பேனாவால் காட்டினார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு மூடிவிட்டார்கள். மறுநாள் அம்மா அரைப் புட்டி தேங்காயெண்ணெயைத் தலையில் கவிழ்த்து, வழித்து வாரி, காதுக்குப் பின்னால் சொருகி அனுப்பினார். கண்ணாடியில் பார்த்தால் பஜனை கோஷ்டியில் ஜால்ரா தட்டுகிற பையன். ஐந்து நிமிடத்தில் ஃபாரம் கிடைத்தது. அன்றிலிருந்து எந்தத் தரவரிசையைப் பார்த்தாலும் எனக்கு எண்ணெய் வாசனை அடிக்கிறது.

ஜால்ரா என்றதும் தேக்கா (நம் லிட்டில் இந்தியா) நண்பர் நினைவுக்கு வருகிறார். கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர். மின்கிட்டாரைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் "சரளி வரிசை தெரியாதவனுக்கு எதற்கு ராக்?" என்று போனில் கூப்பிட்டுத் திட்டுவார். அவருடைய பிரம்மாஸ்திரம், பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் மேதை ரவிசங்கரும் சேர்ந்து வங்காளதேச மக்களுக்காக 1971ல் நியூயார்க்கில் நடத்திய கச்சேரி. ரவிசங்கரும் சரோத் வாசிக்கும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருக்கிறதென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர். ராக் ரசிகனின் ஞானம் அவ்வளவுதான் என்பார் நண்பர். அவர்களாவது சுருதிக்கே கைதட்டினார்கள், நாம் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் என்பேன் நான். இந்தச் சண்டை வாராவாரம் தேக்கா உணவங்காடி நிலையத்தில், அவர் டிஷ்யூ பாக்கெட் வைத்துச் சோப் பண்ணிய மேசையில் நடக்கும். (வெளிநாட்டு வாசகர்களுக்கு: குளிக்கிற சோப் இல்லை, இடம் பிடிப்பது.) தியாகராஜரைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசும் அதே வாயால், தட்டோடு நிற்கும் கிழவரிடம் "ஆள் வருது" என்று சொல்லக்கூடியவர்.

மழுப்பாமல் சொல்கிறேன். பீட்டில்ஸுக்கு இரண்டாம் இடம். அது நான் கொடுத்ததில்லை, 1964ல் சிங்கப்பூரே கொடுத்தது. 1961ல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனதிலிருந்து தெருவுக்குத் தெரு பையன்கள் கிட்டாரைத் தூக்கிவிட்டார்கள். அப்படிக் கிளம்பிய குவீன்ஸ்டவுன் பள்ளிக்கூடப் பையன்களின் குழுதான் த குவெஸ்ட்ஸ். அவர்களுடைய 'ஷாண்டி', பாட்டு வரி ஒன்றுகூட இல்லாத வெறும் வாத்திய இசை, உள்ளூர்ப் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்த பீட்டில்ஸ் பாட்டை இறக்கிவிட்டு ஏறியது. ஆகவே முதலிடம் குவெஸ்ட்ஸ். எண்ணெய் வாசனையா என்று கேட்டால், ஆமாம், நம் வீட்டு எண்ணெய்.

மூன்றாவது குயின். சான்ஸிபாரில் பிறந்து, பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்த ஃபரோக் புல்சாரா லண்டனுக்குப் போய் ஃப்ரெடி மெர்க்குரி ஆன குழு. குவெஸ்ட்ஸ், குயின் இரண்டுமே ஆங்கிலத்தில் க்யூ எழுத்தில்தான் தொடங்குகின்றன. நீங்கள் கேட்ட க்யூவுக்கு இதைவிடப் பொருத்தமாக என்னால் ஆள் பிடிக்க முடியாது.

பத்தாவது லெட் ஸெப்பெலின். முடி இன்னும் காலருக்குக் கீழேதான் இருக்கிறது.

நாலிலிருந்து ஒன்பது வரை டிஷ்யூ பாக்கெட் வைத்திருக்கிறேன். ஆள் வருது.