மாத்திரைக்குப் பிறகும் வேலை தேங்குகிறதா? எந்த உளவியல் சிகிச்சையில் சேர்வது

கேள்வி: வயது 34. ஏடிஹெச்டி (கவனக் குறைவும் பரபரப்பும் உள்ள கோளாறு) என்று ஓராண்டுக்கு முன் உறுதியானது. மாத்திரை எடுத்ததில் இருந்து கவனம் நிற்கிறது. ஆனால் வேலைகள் தேங்குவது குறையவில்லை, சட்டென்று கோபமும் வருகிறது. சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை), டிபிடி (உணர்ச்சிக் கொந்தளிப்பைக் கையாளப் பழக்கும் சிகிச்சை), மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் மனதை நிறுத்தும் பயிற்சி), நியூரோஃபீட்பேக் (மூளை அலையைத் திரையில் பார்த்தே அதைக் கட்டுப்படுத்தப் பழகுவது) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் சேர்வது?

பதில்: சிபிடியில் தொடங்குங்கள். அதுவும் ஏடிஹெச்டிக்கென்றே வகுத்த சிபிடியாக இருக்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் சிபிடி பெரும்பாலும் எண்ணங்களைப் பிடித்துக்கொண்டு போகும். ஏடிஹெச்டிக்கான சிபிடி காலண்டரில் தொடங்கும். மாத்திரை கவனத்தைக் கூட்டலாம், ஆனால் பெரிய வேலையை எங்கே வெட்டுவது, எதை முதலில் எடுப்பது என்று அது கற்றுத்தராது. உங்களுக்கு மிச்சமிருக்கும் தொல்லை அந்த இடத்தில்தான்.

இதற்கு ஆதாரமும் உண்டு. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்து எடுத்தும் அறிகுறி தீராத 86 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 12 அமர்வு சிபிடி, மற்றதற்குத் தளர்வுப் பயிற்சியும் நோய் பற்றிய விளக்கமும். அறிகுறி மதிப்பெண் 30 சதவீதமாவது குறைந்தவர்கள் சிபிடியில் 67 சதவீதம், மற்றதில் 33 சதவீதம்.

முதல் சில வாரங்கள் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரே காலண்டர், ஒரே வேலைப் பட்டியல், ஒவ்வொரு வேலைக்கும் அவசர வரிசை. பிறகு கவனத்தை அளப்பீர்கள்: பிடிக்காத வேலையில் உட்கார்ந்து, மனம் எத்தனை நிமிடத்தில் ஓடுகிறது என்று டைமர் வைத்துப் பார்ப்பது. 10 நிமிடம் என்றால் வேலையை 10 நிமிடத் துண்டுகளாக வெட்ட வேண்டும். நடுவில் 'அந்த பில்லைக் கட்டிவிடலாமே' என்று தோன்றினால் தாளில் எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும், எழுந்து போகக் கூடாது. மணி அடித்த பிறகு தாளைப் பார்த்தால் பாதி விஷயங்கள் அவசரமே இல்லை என்று தெரியும். எண்ணங்கள் கடைசியில்தான் வரும். அங்கேயும் 'என்னால் முடியாது' என்பதைவிட 'இன்னும் நேரம் இருக்கிறது', 'கடைசி நேரத்தில்தான் எனக்கு வேகம் வரும்' என்ற நம்பிக்கைகள்தான் அதிகம் கெடுக்கின்றன.

இது தோற்கும் இடம் வீட்டுப்பயிற்சி. பயிற்சியை மறப்பது சோம்பல் அல்ல, எந்தக் குறைக்காகச் சிகிச்சைக்கு வந்தீர்களோ அதுவேதான். மறந்துவிட்டால் அமர்வைத் தள்ளிப்போடாமல் போங்கள். பயிற்சியைச் சிறிதாக்கி, அமர்விலேயே முதல் வரியைத் தொடங்கித்தரச் சொல்லுங்கள். நோட்டு மாத்திரை டப்பாவின் பக்கத்தில் இருக்கட்டும். மூன்றாவது வாரம் நோட்டு அலுத்துப்போய்ப் புதிய ஆப் தேடத் தோன்றும். சிகிச்சை முடியும்வரை கருவியை மாற்றாதீர்கள்.

டிபிடி, கோபமும் அவசரமும் முன்னால் நிற்பவர்களுக்குப் பொருந்தும். கோபம் வெடிப்பதற்கு முன் என்ன நடந்தது என்று சங்கிலியாகப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். ஏடிஹெச்டிக்கு ஏற்ப ஜெர்மனியில் அமைத்த குழுப்பயிற்சி வாரம் ஒருமுறை, 13 அமர்வுகள். அதே பாணிக் குழுவை 433 பேரிடம் சோதித்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், அறிகுறியைக் குறைப்பதில் அது சாதாரண மருத்துவ ஆலோசனையை முந்தவில்லை. ஆனால் ஏடிஹெச்டிக்குத் தரும் மெதில்ஃபெனிடேட் என்ற மருந்து, மருந்தே இல்லாத போலி மாத்திரையை முந்தியது. ஆகவே குழுவில் சேர்ந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மைண்ட்ஃபுல்னஸ் வழக்கமாக எட்டு வாரம். மனம் நழுவுவதைச் சீக்கிரம் கண்டுகொள்ள உதவும், திட்டமிடக் கற்றுத்தராது. இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் உட்காரச் சொல்லும் வகுப்பு வேண்டாம், 5 நிமிடத்தில் தொடங்குவதாக இருக்கட்டும்.

நியூரோஃபீட்பேக்குக்குப் பணம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். 2017இல் வந்த ஆய்வில் உண்மையான பயிற்சி, போலிப் பயிற்சி, குழுச் சிகிச்சை மூன்றிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. கோச்சிங் (வேலையைத் திட்டமிட்டு முடிக்க ஒருவர் கூட நின்று ஊக்குவது) என்பது சிகிச்சை அல்ல. நினைவூட்ட ஒருவர் வேண்டும் என்றால் சரி.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தைவிட இதைக் கேளுங்கள்: ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களுக்கு என்ன வரிசையில் கற்றுத்தருவீர்கள், பயிற்சி செய்யாமல் வந்தால் என்ன செய்வீர்கள்? 'மனம் விட்டுப் பேசலாம்' என்பது மட்டும் பதிலானால் வேறு ஆளைப் பாருங்கள். கடுமையான மனச்சோர்வோ தூக்கக் கேடோ கூடவே இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும்.

கோபத்துக்காக டிபிடியில் பெயர் கொடுக்கும் முன், இரண்டு வாரம் அது வரும் நேரத்தை மட்டும் குறித்து வையுங்கள். பெரும்பாலும் மாத்திரையின் வேகம் இறங்கும் மாலைப் பொழுதில் வருகிறது என்றால், அந்தத் தாளை முதலில் மருந்து எழுதிய மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றினாலே சரியாகக் கூடும்.