ஊசி போட்ட இடத்துக் கட்டிக்கு ஸ்கேன் தேவையா?

மூன்றரை மாதக் குழந்தைக்குத் தொடையில் ஊசி போட்ட இடத்தில் கட்டி நிற்கிறது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்பது பணம் பிடுங்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே தடுப்பூசி) மூன்றாவது தவணை, இடது தொடை, சரிதானே? என் மகளுக்கும் அதேதான்.

நான் டாக்டர் இல்லை. தடுப்பூசியை எதிர்க்கிற ஆளும் இல்லை, அதற்கப்புறம் வந்த ஊசிகளையும் தவறாமல் போட்டோம். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

ஊசி போட்டதும் மகளுக்கு வந்த காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. கட்டி மட்டும் புளியங்கொட்டை மாதிரி தோலுக்கடியில் நின்றது. சிவப்பு இல்லை, சூடு இல்லை, தொட்டால் அழவும் இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் தடவிப் பார்த்துவிட்டு, "சீழ் கட்டியிருக்கு, கீறி விட்டுடலாம்" என்றார்கள். அந்தச் சின்னத் தொடையிலா! குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் குழந்தை மருத்துவர்தான் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்தும் கிடையாது. என் மனைவி மடியில் பால் குடித்தபடியே மகள் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். சீழ் என்றால் உள்ளே திரவம் தெரியும், தோல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவியால் (புரோப்) அமுக்கினால் அசையும், சுற்றிலும் ரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்று ஸ்கேன் டாக்டர் திரையைக் காட்டிச் சொன்னார். இவளுக்கு இருந்தது கெட்டியான கருத்த திட்டு, நடுவில் ரத்த ஓட்டமே இல்லை. கிரானுலோமா, அதாவது சீழ் இல்லாத கெட்டித் திரட்சி, என்று எழுதினார். தடுப்பூசியில் சேர்க்கும் அலுமினிய உப்பு தசைக்குள் போகாமல் தோலுக்கடியில் தங்கினால் இப்படித் திரளுமாம். மாதக்கணக்கில் இருந்து தானாகக் கரைந்தது. கீறவில்லை, மருந்தும் இல்லை.

வலியில்லாத சின்னக் கட்டிக்குப் பல டாக்டர்கள் ஸ்கேனே கேட்பதில்லை. ஆனால் கத்தி என்ற பேச்சு வந்தால் முதலில் ஸ்கேன். சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு பெரிதானால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இடது அக்குளில் நெறி கட்டினால் அது வேறு, பெரும்பாலும் இடது கையில் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) ஊசியால் வருவது. அதையும் கீறவிடாதீர்கள், ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கலாம்.

இன்னொன்று. ஸ்கேனுக்கு லீவு கேட்டபோது என் மேனேஜர், "வீட்ல லேடீஸ் இல்லையா?" என்றார். மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கும் 15 நாள் பிள்ளைப்பேறு விடுப்பு உண்டு. எங்களைப் போன்ற தனியார் கம்பெனி ஆட்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. அந்த நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள், ஸ்கேன் செலவைவிட அதுதான் அதிகம்.