நரம்புக் கடத்தல் சோதனை: உங்கள் கேள்விகளுக்கு ஒரு டெக்னீஷியனின் பதில்கள்

அக்கா, ஒரே நோயாளிக்கு, ஒரே கையில் இரண்டு முறை எடுத்தேன். நரம்பில் மின் சமிக்ஞை ஓடும் வேகம் முதலில் 46 மீ/வி (வினாடிக்கு மீட்டர்), அடுத்த வாரம் 52. எதை நம்புவது?

முதல் நாள் கை எத்தனை டிகிரி இருந்தது? குறித்து வைக்கவில்லை என்றால் சந்தேகம் அங்கேதான். ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் சுமார் 2 மீ/வி குறையும். 29 டிகிரியில் இருந்த கை 32-க்கு வந்தாலே உங்கள் 6 மீ/வி வித்தியாசத்துக்குக் கணக்கு சரியாகிவிடும். கை 32, கால் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் நான் சோதனையைத் தொடங்கவே மாட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, துடைத்து, மறுபடி அளப்பேன். அவசரப்படாதீர்கள், தோல் சீக்கிரம் சூடாகிவிடும்; உள்ளே இருக்கும் நரம்புக்கு நேரம் பிடிக்கும். ஃபார்முலா போட்டுத் திருத்துவதைவிட இதுவே மேல். இன்னொன்று, குளிர்ந்த கையில் வேகம் குறைந்தாலும் உணர்வு நரம்பின் அலை (திரையில் பதிவாகும் அதன் மின் சமிக்ஞை) உயரமாக, அகலமாக வரும். அப்படிப் பார்த்தால் உடனே கையைத் தொட்டுப் பாருங்கள்.

நரம்பைத் தூண்டக் கரன்ட் எவ்வளவு வைக்க வேண்டும்?

எல்லாருக்கும் பொருந்தும் எண் கிடையாது. அலை இனி வளராது என்ற இடம் வரை ஏற்றி, அதற்கு மேல் 20 முதல் 30 சதவீதம் கூட்டுங்கள். குறைவாக விட்டால் நல்ல நரம்பும் பழுதானது போலத் தெரியும். அளவுக்கு மிஞ்சினால் பக்கத்து நரம்பும் சேர்ந்து துடிக்கும். எவ்வளவு ஏற்றியும் அலை வளரவில்லையா? ஸ்டிமுலேட்டரை (நரம்புக்குக் கரன்ட் கொடுக்கும் கருவி) கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். நோயாளிக்கும் வலி குறையும்.

முழங்கையில் மட்டும் அல்நார் நரம்பின் (சுண்டுவிரல் பக்கம் போகும் நரம்பு) வேகம் குறைகிறது. நரம்பு அங்கே அழுந்துகிறதா?

முழங்கை மடங்கி இருந்ததா? நீட்டிய கையில் நரம்பு தொய்ந்து கிடக்கும். டேப் காட்டுவது உண்மை நீளத்தைவிடக் குறைவு; தூரத்தை நேரத்தால் வகுத்தால்தான் வேகம் என்பதால் அதுவும் பொய்யாகக் குறையும். 70 முதல் 90 டிகிரி மடக்கி, வளைவை ஒட்டி அளவெடுங்கள். 10 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. தவறினால் 50 என்பது 45 ஆகிவிடும்.

ஸ்டிமுலஸ் ஆர்ட்டிஃபாக்ட் (தூண்டும் கரன்டே திரையில் பதிவாகும் குறுக்கீடு) அலையை மூடிவிடுகிறது. என்ன செய்வது?

தோலில் க்ரீம், எண்ணெய் இருந்தால் துடையுங்கள். கிரவுண்ட் எலக்ட்ரோடை ஸ்டிமுலேட்டருக்கும் பதிவு எலக்ட்ரோடுக்கும் நடுவில் ஒட்டுங்கள். அப்புறம் ஆனோடை (ஸ்டிமுலேட்டரின் பாசிட்டிவ் முனை) சற்றுத் திருப்புங்கள்.

விபத்து நடந்து 4 நாள். ஊசி ஈ.எம்.ஜி. (தசையில் ஊசி செருகி அதன் மின் செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை) நார்மல் என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

இப்போதே முடிவுக்கு வராதீர்கள். நரம்பு அறுபட்ட தசையில் ஃபிப்ரிலேஷன் (தசை நார்கள் தானாகவே துடிக்கும் மின் அறிகுறி) தெரிய 2 முதல் 3 வாரம் ஆகும். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதற்குள் பலவீனம் கூடினால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.